உதிரி

தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே. "யாருய்யா அது, இன்ஜின்ல கை வைக்கிறது?" என்று அதட்டியது வியாகுலம் வாத்தியார் இல்லை. அவர் அதோ அந்தக் கோடியில் முதல் படகின் பாயை அளந்துகொண்டு நிற்கிறார். அதட்டியது நான்தான். நீங்கள் திடுக்கிட்டுக் கையை உதறினீர்கள் பாருங்கள், அதைப் பார்க்க ஒரு மைல் நடந்தே வரலாம்.

சிரிக்கிறீர்களா, கோபமா? மீசை மறைக்கிறது, தெரியவில்லை.

என் பேர் ஜூடு. அடைக்கலமாதா படகு. இந்த ஊரில் நான் எடுக்காத குரல் இல்லை. சாமியார் பிரசங்கம் வேண்டுமா, பஸ் கண்டக்டர் வேண்டுமா, ஐஸ் கம்பெனி மோட்டார் மக்கர் பண்ணுவது வேண்டுமா, கேளுங்கள். போன மாதம் எங்கள் படகை ஓட்டுகிற தண்டல் பாக்கியம் சித்தப்பாவின் வீட்டுக் கொல்லையில் நின்று, அவர் குரலில், "ஏய், வெந்நி வச்சியா?" என்றேன். சித்தி வெந்நீர் வைத்து, துண்டை எடுத்துக் கொடியில் போட்டு, அரைமணி நேரம் காத்திருந்தது. மனிதர் கடலில் இருந்தார்.

அதை விடுங்கள். நான் வந்தது வேறு விஷயமாக. இந்த வருஷம் உதிரி பொறுக்க வந்திருப்பது நீங்கள்தானே? வெளியூர் ஆள், இன்ஜின் வள்ளம், நெற்றியில் தழும்பு என்று சொன்னார்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். வாத்தியார் எட்டுப் படகையும் அளந்து முடிக்கிறவரைக்கும் நேரம் இருக்கிறது. முடித்ததும் பேர் கூப்பிடுவார். பிறகு கோயில் மணி அடிக்கும். பிறகு நான் இல்லை.

அப்படிச் சொல்ல வரவில்லை. பிறகு நான் கரையில் இல்லை, பலகையில் இருப்பேன் என்று சொல்ல வந்தேன்.

எங்கள் போட்டியைப் பற்றிக் கமிட்டிக்காரர்கள் உங்களிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார்கள். மொத்தம் ஒன்பது வத்தை, எல்லாம் பாய்ப் படகு; இந்த வருஷம் எட்டுதான் ஓடுகிறது. ஒன்பதும் ஒரே அளவு. கோயில் பின்னறையில் ஒரு பனங்கழி இருக்கிறது. அதில் வெட்டுக்குறி உண்டு. அந்தக் குறிக்கு ஒரு விரல் கூடினாலும் படகு கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். பாய்த்துணி எல்லாருக்கும் ஒரே கட்டிலிருந்து வரும், தைப்பதும் ஒரே தையல்காரர். அதையும் காய்ந்தபடி அளக்க மாட்டார்கள். கடல் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அளப்பார்கள். ஒரு காலத்தில் எவனோ துணியைக் கஞ்சி போட்டுச் சுருக்கி அளவு காட்டிவிட்டு, கடலில் நனைந்ததும் ஒரு முழம் நீள விட்டானாம். வாத்தியார் வருஷா வருஷம் இதைச் சொல்வார். "படகு செயிக்கக் கூடாதுய்யா. ஆள்தான் செயிக்கணும்." நாலாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரியே சொல்வார். கேட்டீர்களா, அப்படியே இருக்கிறது இல்லையா?

அப்புறம் ஆட்கள். புறப்படும்போது படகுக்கு ஆறு பேர் இருக்க வேண்டும். அது எழுதிய விதி. திரும்பும்போது எத்தனை பேர் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது.

போகும்போது கொண்டல் காற்று எதிரே அடிக்கும். படகு சாயும். அந்தப் படகின் குறுக்கே ஒரு நீளப் பலகை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் நுனியில் கனமான ஆள் ஏறிக் கடல்மேல் தொங்கிக்கொண்டு உட்கார்ந்தால்தான் படகு நிமிர்ந்து ஓடும். வெளியே இரண்டு மைல் தள்ளி சிவப்புப் பீப்பாய் மிதவை. அதைச் சுற்றித் திரும்பிவிட்டால் காற்று முதுகில். அப்போது கனம் எதற்கு? ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் மிதவைக்குப் பக்கத்தில் கைதவறி விழுந்துவிட்டார். அவர் படகு முதலில் வந்தது. அவரும் மெல்ல நீந்தி வந்து, கோப்பையோடு ஆடிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து ஆடினாராம். அடுத்த வருஷம் ஒன்பது படகிலும் ஒவ்வொருத்தர் கைதவறி விழுந்தார்கள். அப்படி விழுகிறவனுக்கு உதிரி என்று பேர். உதிரிகளைப் பொறுக்கிக்கொண்டு வர ஓர் இன்ஜின் வள்ளம். இவ்வளவுதான் சங்கதி.

எனக்குப் பதினேழு வயது, எண்பத்திரண்டு கிலோ. இந்தக் கரையில் என்னைவிட நல்ல உதிரி கிடையாது. போகும்போது தங்கம், வரும்போது தவிடு.

மூன்றாவது படகுக்குப் போய்விட்டார். வேகமாகத்தான் அளக்கிறார் இன்றைக்கு.

போன வருஷம்தான் எனக்கு முதல் தடவை. மிதவை திரும்பியதும் பாக்கியம் சித்தப்பா சுக்கானைப் பிடித்தபடி, என் பக்கம் பார்க்காமலே, "ம், உதிரு" என்றார். சோற்றுக்கு உப்பு கேட்கிற மாதிரி. குதித்தேன். மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால் படகின் பின்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. நம்மை விட்டுவிட்டுப் போகிற படகின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே நம்மை வைத்துக் கதவைச் சாத்திய வீடு மாதிரி இருக்கும். அப்புறம் ஓர் அலை எழும்பும், அதுவும் தெரியாது. கரை தெரியாது, கோயில் கோபுரம் தெரியாது. கீழே கால் எதையோ தேடும். ஒன்றும் இருக்காது.

தைரியத்துக்குக் கண்டக்டர் குரலில் கத்திப் பார்த்தேன். "தொண்டி, தேவிபட்டினம், ராம்நாடு, ஏறு ஏறு, உள்ள போ." வழக்கமாக யாராவது சிரிப்பார்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எனக்கே அந்தக் குரல் வேறு யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பயமெல்லாம் இல்லை அண்ணே. சொல்கிறேன், அவ்வளவுதான்.

சந்தியாகு மாமாதான் பொறுக்க வந்தார். பதினாலு வருஷமாக அவர்தான் பொறுக்குவார். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, மீனைப் போடுகிற மாதிரி உள்ளே போட்டார். வள்ளத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். ஒருத்தன் வாந்தி எடுக்கிறான், ஒருத்தன் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருக்கிறான், நடுவில் இன்ஜின் பெட்டி இத்தனை உயரம். இந்தப் பக்கம் கிடக்கிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. சந்தியாகு மாமா சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்தபடி, படகுப் பேராகக் கூப்பிட்டார். ஏன் தலையை எண்ணவில்லை என்று உங்களுக்கே தெரியும். கடல்மேல் தலை எண்ணக் கூடாது, எண்ணினால் கடல் தன் பங்கைக் கேட்கும். உங்கள் ஊரிலும் அப்படித்தானே? அதனால் படகுப் பேரைக் கூப்பிட, உதிரி பதில் சொல்லுவான்.

நான் கேட்க வந்தது அதுதான். இன்றைக்கு நீங்கள் எண்ணுங்கள். தொட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்று எட்டு வரைக்கும்.

தலையை ஆட்டுகிறீர்கள். மாட்டேன் என்கிறீர்கள். சரி. மீன் பிடிக்கிறவர், உங்கள் பிழைப்பு. கேட்டுப் பார்த்தேன்.

சரி, முழுக்கக் கேளுங்கள். "ஆரோக்கியமாதா?" என்றார். "இருக்கேன்." "அந்தோணியார்?" "இருக்கேன் மாமா, செத்தேன்." இப்படியே போகிறது. "அடைக்கலமாதா?" நான், "இருக்கேன்." "செபஸ்தியார்?" செபஸ்தியார் படகின் உதிரி கிளிட்டஸ் அண்ணன். எனக்கு ஐந்து வயது மூத்தவர். கிழிந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு குரல், கேட்டாலே சிரிப்பு வரும். வியாகுலம் வாத்தியாரிடம் படித்தவர் என்பதால் எங்கே பேர் கூப்பிட்டாலும் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி "உள்ளேன் ஐயா" என்றுதான் சொல்லுவார். ரேஷன் கடையிலும் அப்படித்தான்.

"செபஸ்தியார்?"

இரண்டு மூச்சு சத்தமில்லை.

அப்புறம், "உள்ளேன் ஐயா."

ஒன்பதும் சரி என்று சந்தியாகு மாமா இன்ஜினை முடுக்கிவிட்டார்.

கரைக்கு வந்தால் கொட்டு, வேட்டு, திருவிழா. யார் வந்தார்கள், வரவில்லை என்று யார் பார்க்கிறார்கள்? பார்த்தது செசிலி அத்தை, கிளிட்டஸ் அண்ணனின் அம்மா. இங்கே ஒரு பழக்கம், புறப்படும்போது ஆறு பேரும் செருப்பைப் படகுக்குப் பின்னால் மணலில் வரிசையாக விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு செபஸ்தியார் இடத்தில் ஒரு ஜோடி மட்டும் கிடந்திருக்கிறது. அத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகக் கேட்டுக்கொண்டே வந்தது. "இந்தச் செருப்புக்காரன எங்கய்யா?" முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்தார்கள்.

பொழுது சாய்கிற நேரம், வடக்கே ஏழு மைலில், நண்டு வலைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. ஒரு தெர்மாகோல் துண்டைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார். நாலரை மணி நேரம் கத்தியிருக்கிறார். கத்திக் கத்தி, உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, தொண்டை போய்விட்டது. வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

ஐந்தாவது படகு. இல்லை, நாலுதான். என் கண் சரியில்லை.

சந்தியாகு மாமாவைக் கமிட்டி நிறுத்திவிட்டது. குடித்திருந்தார் என்று பேச்சு. அவர் அன்றைக்குப் பூசையில் நன்மை வாங்கியிருந்தார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்ன சொல்லி என்ன? அப்புறம் வேறொரு பேச்சு கிளம்பியது. சந்தியாகு பொய் சொல்கிற ஆள் இல்லை, அவர் கேட்டது கேட்டதுதான், ஆனால் சொன்னது கிளிட்டஸ் இல்லை, கடல் சொல்லியிருக்கிறது என்று. வெளி மிதவைப் பக்கம் இப்போது யாரும் தனியாக வலை விடுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது பதில் சொல்லுமாம். சந்தியாகு மாமாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் மெழுகுவத்தி கொளுத்துகிறார். முன்னெல்லாம் என்னைப் பார்த்தால், "டேய், நீ வளர்றியா, வீங்குறியா?" என்பார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

செசிலி அத்தை ஒருநாள் என்னைக் கூப்பிட்டது. வாசலில் நிறுத்தி, "நீதான் எல்லாக் கொரலும் போடுவியேய்யா. எம்புள்ள கொரல ஒரு தரம் போடு. மறந்துரும்போல இருக்கு" என்றது. நான் என்ன செய்ய? போட்டேன். "யம்மா, சோத்தப் போடு, பசிக்கி." அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உள்ளே கிளிட்டஸ் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். அத்தை புட்டு கொடுத்தது. நான் வாங்கவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

அப்போதும் பயமில்லை. கால்தான் ஓடியது.

இப்போது விதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வலைக்கூடத்தில் கூட்டம். ஒரே ஒரு கேள்வி. ஆறு பேர் போனால் ஆறு பேரும் படகிலேயே திரும்ப வேண்டும் என்று விதியை மாற்றலாமா, கூடாதா? படகுக்கு ஒரு தண்டல், தண்டலுக்கு ஒரு கை. செபஸ்தியார் படகின் தண்டல் கிளிட்டஸ் அண்ணனின் அப்பா. அவர் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டார், கூட்டத்துக்கும் வரவில்லை. ஆக எட்டுக் கை.

எப்படிப் பேசினார்கள் என்று அப்படியே போட்டுக் காட்டட்டுமா? வாத்தியார்: "இன்னைக்கு ஒன்ன மாத்துவீங்க, நாளைக்கு இன்னொன்னு. அப்புறம் அளவு கழிய அடுப்புல வச்சிட்டு அவனவன் இஷ்டத்துக்குக் கப்பல் கட்டிக்கிட்டு வாங்க." பாக்கியம் சித்தப்பா: "ஆறு பேர் போயி ஆறு பேரும் பத்திரமா வந்தா அது போட்டியா? பூசைக்குப் போயிட்டு வர்றது." ஒருத்தர், "மிதவைச் சட்டை போட்டுக்கிட்டுக் குதிக்கட்டுமே" என்றார். "அப்ப எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே எடை. அதையும் அளக்கணும்" என்றார் வாத்தியார். "நனைச்சு அளக்கணுமா, காயவச்சா?" என்றேன் நான், வாத்தியார் குரலிலேயே. கூடமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் செசிலி அத்தை வந்தது. உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஒம்பது படகும் ஒரே அளவான்னு வருஷா வருஷம் அளக்குறீங்க. போன ஆளு வந்தானான்னு அளக்க ஒரு குச்சி இல்லையா ஒங்ககிட்ட?"

இந்தக் குரலை மட்டும் நான் போட மாட்டேன்.

பாக்கியம் சித்தப்பா கை முழங்காலைவிட்டு எழும்ப ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன். மாற்றலாம் என்று தூக்கப்போகிறார். அந்த நேரம் பார்த்து சந்தியாகு மாமா எழுந்தார். அவரை யாரும் பேசச் சொல்லவில்லை. "நான் குடிக்கல. கடல் பேசிச்சோ, எவன் பேசினானோ, எனக்குத் தெரியாது. 'உள்ளேன் ஐயா'ன்னு என் காதால கேட்டேன். வேற எவனுக்காவது கேட்டுதா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்றைக்கு வள்ளத்தில் கிடந்தவர்கள் எல்லாரும், எங்களுக்கும் கேட்டது, கிளிட்டஸ் என்றுதான் நினைத்தோம் என்றார்கள். அவர் பார்வை என்னிடம் வந்தது. நின்றது. நின்றதோ, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

எனக்கு ஒரு கோளாறு அண்ணே. உடம்பு சில்லிட்டுப்போனால் வாய் என்னைக் கேட்காது. சந்தியாகு மாமாவின் குரலில், அதே நடுக்கத்தோடு, "என் காதால கேட்டேன், மூக்கால பாத்தேன்" என்றேன்.

கூடம் இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். பாக்கியம் சித்தப்பா எழும்பிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மறுபடி முழங்காலில் வைத்துவிட்டார். சந்தியாகு மாமாவும் சிரித்தார். அதுதான். கோபப்பட்டு ஓர் அறை விட்டிருக்கலாம். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் நிலைக்கதவில் அத்தை இல்லை.

நாலுக்கு நாலு. சமமாக வந்தால் பழைய விதிதான். கூட்டம் கலைந்து போகும்போது சித்தப்பா என் முதுகில் தட்டி, "தயாரா இருடா உதிரி" என்றார்.

விதியைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. சிரிக்க வைத்தேன், அவ்வளவுதான். அதற்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆறு. ஆறாவது படகுக்கு வந்துவிட்டார். அது அந்தோணியார் படகு. அதற்கடுத்தது எங்களுடையது. சித்தப்பா இந்தப் பக்கம் பார்க்கிறார். என்னைத்தான் தேடுகிறார். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், மறைவாக இருக்கட்டும்.

அண்ணே, இந்த ஒரு வருஷமாக நான் கடலில் இறங்கவில்லை. முழங்கால் அளவுக்குக்கூட இல்லை. கிணற்றில்தான் குளிக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாது. எண்பத்திரண்டு கிலோ மிதக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு மிதவை திரும்பியதும் சித்தப்பா "உதிரு" என்பார். நான் குதிப்பேன். அங்கே அது இருக்கும். பேர் கூப்பிட்டால் பதில் சொல்கிறதே, அது. நான் தண்ணீரில் கிடக்கும்போது நீங்கள் வள்ளத்தில் "அடைக்கலமாதா?" என்று கூப்பிடுவீர்கள். அது என் குரலில் "இருக்கேன்" என்று சொல்லும். நீங்கள் இன்ஜினை முடுக்குவீர்கள். வள்ளத்தின் பின்பக்கம்தான் எனக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அது யார் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் வெளியூர். இன்றைக்குப் போனால் அடுத்த வருஷம்தான் வருவீர்கள். சொல்லிவிடுகிறேன். அது நான்.

சந்தியாகு மாமா "செபஸ்தியார்?" என்றார். கிளிட்டஸ் அண்ணன் இன்ஜின் பெட்டிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார் என்று நினைத்தேன். சாக்குக்குள் சுருண்டு கிடந்தது அவர்தான் என்று நினைத்தேன். வேறு யாரோ. அவர் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும், அவர் எழுந்து "எவன்டா அவன்?" என்று திட்ட வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். அதற்குத்தான். தண்ணீரில் அவ்வளவு நேரம் நடுங்கிவிட்டு வந்தவனுக்கு யாராவது சிரித்தால் தேவலை என்று இருந்தது. சொன்னேன். நன்றாக வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு குரல் வந்ததில்லை. திட்டு வரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "டேய், நீ எதுவும் கொரலு கிரலு விட்டியா?" என்று கேட்டார். நான் அவர் குரலிலேயே, "டேய், நீ எதுவும் கொரலு கிரலு விட்டியா?" என்றேன். சிரித்து, தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அப்புறம் யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கேட்கவேயில்லை.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

"எங்கிட்ட ஏன்டா சொல்ற, அங்க போய்ச் சொல்லு" என்கிறீர்கள். சொல்லலாம். போய் நின்று, "நான்தான்" என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? சிரிப்பார்கள். யாரு குரலுடா இது, நல்லா இருக்கே என்பார்கள். ஏழு வயதிலிருந்து இதையே செய்துகொண்டிருக்கிறேன், வேறு என்ன நடக்கும்? நான் அழுதால்கூட, எந்த வீட்டுப் பிள்ளை மாதிரி அழுகிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

அளந்து முடித்துவிட்டார். பாயை விட்டுவிட்டுக் கையைத் துடைக்கிறார். பட்டியலை எடுக்கிறார். கண்ணாடி போடுகிறார்.

இங்கே இன்னொரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. பட்டியலில் இருக்கிற படகு ஓட வராவிட்டாலும் அதன் பேரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு மூன்று மூச்சு காத்திருப்பார்கள். பதில் இல்லை என்றால்தான் அடுத்த பேர். அதோ பாருங்கள், கவிழ்த்துப் போட்ட படகு. அதுதான் செபஸ்தியார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறதே, அது செசிலி அத்தை. பக்கத்தில் வெள்ளைச் சட்டை கிளிட்டஸ் அண்ணன். ஒரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மணலுக்கு வந்திருக்கிறார். அந்த வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பது சந்தியாகு மாமா.

"ஆரோக்கியமாதா. ஆறு பேரும் உண்டா?"

ஆரம்பித்துவிட்டார்.

அண்ணே, நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் இருங்கள். அடிப்பார்கள். அடித்தால் குறுக்கே வராதீர்கள், கடலுக்குள் மட்டும் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். சந்தியாகு மாமாவுக்காகவும் இல்லை, அத்தைக்காகவும் இல்லை. இது தெரிந்துவிட்டால் இன்றைக்குப் போட்டி ஓடாது, அவ்வளவுதான். ஓடாவிட்டால் நான் குதிக்க வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. ஆமாம், பயம். காலையிலிருந்து பயம். போன வருஷத்திலிருந்து பயம்.

இது என் கைதானே? உங்கள் சட்டையை நான் பிடித்திருக்கிறேனா? இருக்கட்டும், விட மாட்டேன்.

"அந்தோணியார். ஆறு பேரும் உண்டா?"

அங்கே ஓடிப் போகக் கால் வராது. இங்கேயிருந்தே சொல்கிறேன். காற்று அந்தப் பக்கம்தான் போகிறது, கேட்கும்.

"அடைக்கலமாதா. ஆறு பேரும் உண்டா? யாருப்பா உதிரி? ஜூடு எங்க? சரி, கடைசில கூப்பிடுறேன்."

கிளிட்டஸ் அண்ணன் குரல் வருமா என்று தெரியவில்லை. ஒரு வருஷத்தில் செசிலி அத்தைக்காக ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன். வரும். வரும் என்றுதான் நினைக்கிறேன்.

"செபஸ்தியார்."

பார்த்தீர்களா, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு மூச்சு.

அத்தை மட்டும் குனியவில்லை. இரண்டு.

"உள்ளேன் ஐயா."